ஐந்து வருஷம் என்றால் 240 வாரம் இல்லை

"மாசத்துக்கு 4 வாரம், வருஷத்துக்கு 48, ஆக ஐந்து வருஷத்துக்கு 240 வாரம்தான் கட்ட வேண்டும்" என்று வாரச்சீட்டுக்குச் சிலர் கணக்குச் சொல்வது தவறு, அதை நம்பி யாரும் வாரச்சீட்டில் சேர்ந்துவிடாதீர்கள். சரியாக 4 வாரம் வருவது 28 நாள் பிப்ரவரிக்கு மட்டும்தான், மற்ற மாதங்களில் மிஞ்சுகிற ஒன்று, இரண்டு, மூன்று நாட்களை எல்லாம் சேர்த்தால் வருஷத்துக்கு நாலு வாரத்துக்கு மேல் கூடிவிடும். 365-ஐ 7-ஆல் வகுத்துப் பாருங்கள், 52 வாரம் போக ஒரு நாள் மீதி, லீப் வருஷம் என்றால் இரண்டு நாள். அந்த மீதி நாளால்தான் உங்கள் பிறந்தநாள் வருஷா வருஷம் ஒரு கிழமை தள்ளிப் போகிறது, சில சமயம் இரண்டு.

ஐந்து வருஷம் என்பது பெரும்பாலும் 1826 நாள், அதாவது 260 வாரமும் 6 நாளும். வாரம் 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 240 வாரத்துக்கு 1,20,000, ஆனால் 260 வாரத்துக்கு 1,30,000. வாரக்கூலியில் குடும்பம் நடத்துகிறவருக்கு அந்தப் பத்தாயிரம் சின்னத் தொகை இல்லை.

அப்புறம், தோராயமாகப் போட வேண்டுமென்றால் வருஷத்தை 52-ஆல் பெருக்குங்கள். இன்னும் நெருக்கமாக வேண்டுமென்றால், லீப் வருஷத்தையும் சேர்த்த சராசரி நாளான 365.2425-ஆல் பெருக்கி 7-ஆல் வகுங்கள்.