ஒரு வரி எழுத மனமில்லாமல் யூனிகாஸ்டுக்கு மாற்றினார்கள்

ஒரே ஐபி முகவரிக்கு வரும் வேலையை இரண்டு மூன்று சர்வர்கள் பங்குபோட்டுக்கொள்ளும் சர்வர் சுமைப் பகிர்வு என்றதும் "யூனிகாஸ்டில் போட்டால் ஓடிவிடும் சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பும் பொறியாளர்களிடம் காட்டப் பொறுமை இனி என்னிடம் இல்லை.

நாகர்கோவில் அலுவலகத்தில் எங்கள் இரண்டு விண்டோஸ் சர்வர்களும் அந்தப் பகிர்வின் இன்னொரு முறையான மல்டிகாஸ்டில் ஒழுங்காகத்தான் இயங்கிக்கொண்டிருந்தன. சர்வர்களுக்கு வருவது எந்தெந்தப் போர்ட்டுக்குப் போக வேண்டும் என்று ஸ்விட்சிலும் நான் கையால் எழுதி வைத்திருந்தேன். புதிதாக இணைத்த மார்த்தாண்டம் கிளைக்கு மட்டும் இரண்டு சர்வர்களுக்கும் பொதுவான அந்த ஐபி முகவரி எட்டவில்லை. அங்கிருந்து வருவது ரௌட்டர் வழியாக. சாதாரண ஐபி முகவரிக்கு உரிய மேக் (நெட்வொர்க் அட்டையின் முகவரி) எது என்று ரௌட்டர் கேட்கும்போது 03-பிஎஃப் என்று தொடங்கும் மல்டிகாஸ்ட் மேக் விடையாக வந்தால் அதை நம்பக் கூடாது என்று 1995-இலேயே இணைய விதி ஆவணமான ஆர்எஃப்சி 1812 விதித்துவிட்டது. எங்கள் ரௌட்டர் அந்த விதியைத்தான் மதித்தது. அதில் இந்த ஐபிக்கு இந்த மேக் என்று கையால் பதியும் நிலையான ஏஆர்பி வரி ஒன்றை எழுதினால் போதும், ஒரே ஒரு வரி!

நான் மதியம் சாப்பிடப் போன நேரத்தில், ஒப்பந்த நிறுவனத்திலிருந்து வந்த தம்பி அந்த வரியை எழுதாமல் இரண்டு சர்வர்களையும் யூனிகாஸ்டுக்கு மாற்றிவிட்டார். யூனிகாஸ்டில் இரண்டும் 02-பிஎஃப் என்று தொடங்கும் ஒரே மேக்கைச் சுமக்கின்றன. அனுப்பும்போது அதை மறைத்துவிடுவதால் அந்த மேக் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதை ஸ்விட்ச் ஒருநாளும் கற்றுக்கொள்வதில்லை. ஆகவே சர்வருக்கு வருகிற ஒவ்வொன்றையும் எல்லாப் போர்ட்டுகளிலும் கொட்டுகிறது. பேச்சிப்பாறைத் தண்ணீரை மடை பார்த்துத் திறக்காமல் கால்வாய்க் கரையையே வெட்டிவிட்டால் என்ன ஆகும்? ஸ்கேன் செய்த ஆவணங்களைப் பத்துப் பேர் ஏற்றிய அந்த ஒரு மணி நேரத்தில் பழைய பிரிண்டர் நின்றது, வருகைப்பதிவு இயந்திரம் நின்றது, முன்வரிசையில் பில் போடுகிற பெண் என்னிடம் மூன்று முறை வந்து நின்றார். தம்பியோ, "மார்த்தாண்டம் இப்போது கிடைக்கிறதே சார்" என்றார்.

சர்வர்களுக்கென்று தனி விலான் (ஸ்விட்சுக்குள்ளேயே பிரித்த தனி நெட்வொர்க்) இருந்தால் யூனிகாஸ்டில் குற்றமில்லை. எந்தப் போர்ட்டுக்கு மல்டிகாஸ்ட் வேண்டும் என்று ஸ்விட்ச் தானே ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் வசதி இருந்தால் ஐஜிஎம்பி மல்டிகாஸ்டும் நல்ல வழிதான். ஆனால் ஸ்விட்சையும் ரௌட்டரையும் ஒரு முறைகூடத் திறந்து பார்க்காமல் சர்வர் திரையில் மட்டும் முறையை மாற்றுவதை எப்படிப் பொறுப்பது?

இரவு எட்டு மணிக்கு இரண்டையும் மல்டிகாஸ்டுக்குத் திருப்பி, ரௌட்டரில் அந்த ஒரு வரியை நானே எழுதினேன். மார்த்தாண்டம் கிடைத்தது, பிரிண்டரும் ஓடியது. இன்று காலை அதே தம்பியிடமிருந்து அஞ்சல்: தக்கலைக் கிளைக்கும் யூனிகாஸ்டே போதுமாம்.