நேற்றைய நாபே, இன்றைய காலைச் சாப்பாடு

டோக்கியோவுக்கு வந்து நாலு வருஷமாகிறது. இங்கே டிவியில் சமையல் நிகழ்ச்சிக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் முந்தின நாள் மிச்சத்தில் காலைச் சாப்பாடு செய்து காட்டும்போதுதான் நான் கைவேலையைப் போட்டுவிட்டு உட்காருவேன். பலரும் அதை வீட்டுக் குறிப்பு என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் அசல் சமையல்.

ஒரு நாள் நாபே, அதாவது எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொதிக்கவிட்டுச் சாப்பிடும் குழம்பு, அதன் மிச்சம் வைத்துச் செய்தார்கள். இரவு கோழியும் காளானும் கோஸும் கொதித்த சட்டியில், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சாறு. சமைத்த அம்மா முதலில் அதை ருசி பார்த்தார். வற்றிக் கரித்திருந்தது போல. அரை டம்ளர் தண்ணீர் விட்டார். அப்புறம் பழைய சோற்றைச் சல்லடையில் போட்டுக் குழாயடியில் அலசினார். கொழகொழப்பு போனால்தான் சாறு தெளிவாக நிற்குமாம். அப்படி அலசிச் சாற்றில் போட்டால் வரும் கஞ்சி சோசுய், அலசாமல் போட்டுக் குழையவிட்டால் ஒஜியா. கொதி வந்ததும் அடித்த முட்டையைச் சாப்ஸ்டிக் வழியாக நூலாக ஊற்றி, அடுப்பை அணைத்து மூடி வைத்தார். திறந்தபோது முட்டை பாதி இறுகி, பாதி தளும்பிக்கொண்டிருந்தது. அதன் மேல் கொஞ்சம் வெங்காயத்தாள். அவ்வளவுதான். எனக்கு வாய் ஊறிவிட்டது.

எதையும் அளக்காமல் நாக்கை நம்பித் தண்ணீர் விட்டாரே, அந்த இடம்தான் முக்கியம். மிச்சத்துக்கு அளவு கிடையாது. சில நிகழ்ச்சிகளில் நிகுஜாகாவை, அதாவது இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்து வேகவைத்ததை, 150 கிராம் என்று நிறுத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் தயாராக வைத்திருப்பார்கள். அது எனக்குப் பிடிப்பதில்லை. ஃபிரிட்ஜைத் திறந்து, இருக்கிறதை எடுத்து, கேமரா முன்னாலேயே யோசிக்கட்டும். உருளைக்கிழங்கை மசித்து ரொட்டியில் தடவி, சீஸ் போட்டு வாட்டலாமா, முட்டையில் கலந்து சுருட்டலாமா என்று அவர்கள் தயங்குவதைப் பார்த்தாலே நமக்கும் கை வரும்.

பொது ஒளிபரப்பு நிறுவனமான என்ஹெச்கேயின் 'க்யோ நோ ரியோரி' என்ற சமையல் நிகழ்ச்சி 1957இல் தொடங்கியபோது செய்முறைகள் 5 பேருக்கு இருந்தன. 1965இல் 4 பேருக்கு ஆனது, 2009இல் 2 பேருக்கு. வீடு சுருங்கிய கதை அதிலேயே இருக்கிறது. இரண்டு பேர் வீட்டில் ஒரு முழு முள்ளங்கி வாங்கினால் ஒரு வேளையில் தீராது. 2022 நிதியாண்டில் ஜப்பானில் சாப்பிடக்கூடிய நிலையிலேயே வீணான உணவு சுமார் 47 லட்சம் டன். அதில் பாதி வீடுகளிலிருந்து போனது. அதனால்தான் இந்தப் பத்து நிமிடப் பகுதியை நான் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன்.

ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும். ஜப்பானியக் கறி, அதாவது சோற்றில் ஊற்றிச் சாப்பிடும் கெட்டிக் குழம்பு, மறுநாள்தான் ருசி என்று இங்கே எல்லாருமே சொல்வார்கள். தாஷி என்கிற மீன், கடற்பாசிச் சாறும் சோயா சாஸும் விட்டு இளக்கி, உடோன் என்ற தடித்த கோதுமை நூடுல்ஸில் ஊற்றினால் அருமையான கறி உடோன் ஆகும், சரி. ஆனால் ராத்திரி முழுக்க அடுப்பு மேலேயே கிடந்த கறியில் வெல்ஷ் என்ற, வயிற்றைக் கெடுக்கும் கிருமி பெருகும். அதன் வித்துகள் கொதிக்க வைத்தாலும் சாவதில்லை. சின்னச் சின்னப் பாத்திரங்களில் பிரித்து, சீக்கிரம் ஆறவைத்து, உடனே ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்வதற்கு ஒரு வரி போதும். அதை ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும், விட்டுவிடக் கூடாது.

இன்றைக்கு எங்கள் வீட்டில் நேற்றைய கின்பிரா, அதாவது கிழங்கை மெல்லிசாக நறுக்கிச் சோயா சாஸில் வதக்கியது, ஒரு பிடி இருந்தது. ரொட்டியில் கொஞ்சம் மயோனீஸ் தடவி, அதைப் பரப்பி, சீஸ் தூவி வாட்டினேன். கிழங்கின் நுனி கருகி மொறுமொறுவென்று வந்தது. மகள் இன்னொன்று கேட்டாள், கின்பிரா தீர்ந்திருந்தது.