அது வசூல் வேட்டை இல்லை

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பாதிப் பேருக்கு அந்த வாட்ஸ்அப் ஒலிப்பதிவு வந்து சேர்ந்திருக்கும். "பட்டறை பேரைச் சொல்லி இவங்க வசூல் வேட்டை நடத்துறாங்க" என்று எங்கள் நண்பர் ஒருவர் அதில் சொல்கிறார். ரம்பம் மாதிரிக் கருவிகளை ஒன்றாக வாங்கிப் போட்டு எல்லோரும் பயன்படுத்த ஒரு பொதுப் பட்டறை வைக்க நாங்கள் பணம் திரட்டுகிறோமே, அதைத்தான் சொல்கிறார். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. அதில் மூன்று குரல்கள் எனக்கு நன்றாகத் தெரிந்தவை.

மூன்று நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். பதில் போட்டால் விஷயம் பெரிதாகும் என்று வீட்டில் சொன்னார்கள். சரி, பெரிதாகட்டும்.

நன்கொடை வேறு, பங்கு வேறு. இந்த ஒரு வரி புரிந்திருந்தால் அந்தச் சிரிப்பு வந்திருக்காது. நன்கொடை கொடுத்தவர் கொடுத்த கையோடு வீட்டுக்குப் போய்விடலாம். பங்கு போட்டவர் அப்படிப் போகமாட்டார். கணக்கு கேட்பார், கூட்டத்துக்கு வந்து சத்தம் போடுவார், பிடிக்கவில்லை என்றால் தலைவரை மாற்றக் கை தூக்குவார். நஷ்டம் வந்தால் அவருடைய பணமும் சேர்ந்து போகும். பொதுப் பட்டறைக்கு நாங்கள் கேட்டது பங்கு. யார் எவ்வளவு போட்டாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு என்று ரசீதின் பின்பக்கமே அச்சடித்திருக்கிறோம். திருப்பிப் பார்த்தால்தானே தெரியும்.

ஒரு அம்மா வந்தார். வயது எழுபதுக்கு மேல். முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஈரமாயிருந்த நோட்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் நீவி வைத்தார். ஒரு நாள் கூலிக்கும் குறைவான தொகை. கார்பன் தாள் வைத்து ரசீது எழுதிக் கொடுத்தேன். அதை நான்காக மடித்துக்கொண்டே, "இதுல எனக்கும் ஓட்டு உண்டாய்யா?" என்று கேட்டார். உண்டு என்றேன். "அப்போ அந்தக் கூட்டம் என்னைக்குன்னு சரியாச் சொல்லு" என்றார். வசூல் வேட்டையில் சிக்கிய ஆள் கேட்கிற கேள்வியா இது?

"காசில்லாத ஜனங்ககிட்ட போய்க் காசு கேட்கிறீங்களே, வெளியில் நிதி கொடுக்கும் அமைப்புகளுக்கு எழுதிப் போட வேண்டியதுதானே?" அடுத்த கேள்வி இதுதான், தெரியும். எழுதிப் போட்டவன்தான் நான். பல வருடங்களுக்கு முன் வேறொரு குழுவில் இருந்தபோது, நாற்பது பக்கத் திட்ட அறிக்கையை ராத்திரி பகலாக எழுதினேன். பணம் வந்தது, இயந்திரம் வந்தது, திறப்பு விழாவும் நடந்தது. திட்டக் காலம் முடிந்ததும் சம்பளம் நின்றது, ஆள் நின்றார், இயந்திரமும் நின்றது. அப்புறம் ஒருநாள் போய்ப் பார்த்தேன். தார்ப்பாய்க்குள் துருப்பிடித்துக் கிடந்தது. கொடுத்தவர்கள் பெயர் பொறித்த பித்தளைத் தகடு மட்டும் பளபளவென்று இருந்தது. அதை யாரோ துடைத்து வைத்திருந்தார்கள்! பழுது பார்க்க ஆளுக்குக் கொஞ்சம் போடலாமா என்று கேட்டேன். "அது அவங்க மிஷின் சார், அவங்கதான் வந்து பார்க்கணும்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் ஒரு தப்பும் இல்லை. பதில் சொன்னவர்களின் பங்கு அந்த இயந்திரத்தில் ஒரு காசு கூட இல்லை.

இது நான் கண்டுபிடித்த தத்துவம் ஒன்றும் இல்லை. ஜெர்மனியில் ரைஃபைசன் என்று ஒரு சிற்றூர்த் தலைவர். 1846-47 பஞ்சக் காலத்தில் வசதியானவர்களிடம் பணம் திரட்டி ஏழைகளுக்கு ரொட்டிக்கு வழி செய்தார். அதன் பிறகு தொடங்கிய உதவிச் சங்கங்களும் பணக்காரர்களின் தயவில்தான் ஓடின. தயவு எவ்வளவு நாள் ஓடும்? கடைசியில் 1864இல் ஹெடஸ்டார்ஃப் என்ற இடத்தில், கடன் வாங்குகிறவர்களே உறுப்பினர்களாகவும் பொறுப்பாளிகளாகவும் இருக்கும் கடன் சங்கத்துக்கு மாறினார். தர்மத்தில் தொடங்கி, அனுபவப்பட்டு, பங்குக்கு வந்து சேர்ந்த மனிதர். அவர் கற்றுக்கொள்ள ஏறக்குறைய பதினைந்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. நம் நண்பருக்கும் கொஞ்சம் அவகாசம் கொடுக்கலாம்தான்.

இங்கிலாந்தின் ராச்டேலில் 1844இல் 28 பேர் ஆளுக்கு ஒரு பவுண்டு சேர்த்துக் கூட்டுறவுக் கடை திறந்தார்கள். அந்த ஒரு பவுண்டையே வாரம் சில பென்னியாகத்தான் சேர்க்க முடிந்தது. வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி, அவ்வளவுதான் சரக்கு. பார்த்துச் சிரித்தவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். கனடாவின் லெவி என்ற ஊரில் டெஜார்டின் என்பவர் தொடங்கிய மக்கள் வங்கியில் 1901 ஜனவரியில் முதல் நாள் சேர்ந்தது 26 டாலர் 40 சென்ட். முதலில் போட்டவர் போட்டது பத்து சென்ட். அது இன்று என்ன அளவில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். நானே எல்லாவற்றையும் சொன்னால் அதையும் வசூல் தந்திரம் என்பீர்கள்.

காசில்லாத ஜனங்கள் என்பதையே நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். சின்ன இடத்து மக்களிடம் சேமிப்பு இருக்கிறது. அது வங்கிக்குப் போகிறது, வங்கி அதை எங்கே லாபமோ அங்கே கடன் கொடுக்கிறது. டெபாசிட் இங்கே, கடன் வேறெங்கோ. எங்கே கிளை வைத்திருக்கிறீர்களோ அங்கேயும் கடன் கொடுங்கள் என்று வங்கிகளை அழுத்தத்தான் அமெரிக்காவில் 1977இல் ஒரு சட்டமே போட்டார்கள். பணம் இல்லாததை விட, இருக்கிற பணம் ஒழுகிப் போவதுதான் பெரிய கேடு. தொட்டி ஓட்டையாக இருக்கும்போது எத்தனை லாரி தண்ணீர் வந்தால் என்ன?

"கடன் வாங்கலாமே, சிறுகடன் இருக்கே" என்று ஒரு தம்பி உள்பெட்டியில் கேட்டிருந்தார். பண்பாகக் கேட்டதால் பண்பாகவே பதில். கடனுக்குப் பெரும்பாலும் சில வாரங்களிலேயே தவணை தொடங்கிவிடும். பட்டறையில் முதல் வேலை வர நான்கு மாதம் ஆகலாம். தவணை காத்திருக்காது, பங்கு காத்திருக்கும். சிறுகடனைப் பற்றி ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் 2015இல் சேர்ந்து வெளிவந்தன. ஓரளவு பலன் உண்டு, வாழ்க்கையே மாறிவிடும் என்று சொல்ல முடியாது என்பதுதான் அவற்றின் சாரம். சிறுகடன் கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை முதல் காசாக வைத்துத் தொடங்காதீர்கள் என்கிறேன்.

நியாயமான ஒரு ஆட்சேபம் இருக்கிறது, மறைக்கவில்லை. உள்ளே திரட்டும் பணம் மட்டும் சில சமயம் போதாது. ஸ்காட்லாந்தின் எக் தீவை 1997இல் அங்கிருந்தவர்கள் 15 லட்சம் பவுண்டுக்கு வாங்கியபோது, ஆயிரக்கணக்கானோர் சிறுகச் சிறுகக் கொடுத்ததோடு பெயர் சொல்லாத ஒருவர் கொடுத்த பெருந்தொகையும் கைகொடுத்தது. எங்களுக்கும் அப்படி யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை, நான் அவ்வளவு பெரிய ஞானி இல்லை. ஆனால் முதல் காசு நம்முடையதாக இருக்கட்டும். விட்டுவிட்டுப் போனால் நமக்கு வலிக்கிற காசாக இருக்கட்டும்.

"பணத்தை எவனாவது தூக்கிக்கொண்டு ஓடினால்?" ஓடலாம். ஓடியிருக்கிறார்கள். அதற்குத்தான் பூட்டு. நைஜர் நாட்டில் 1991இல் தொடங்கிய சேமிப்புக் குழுக்களின் முறையில் ஒரு இரும்புப் பெட்டி, அதற்கு மூன்று பூட்டு, மூன்று சாவியும் மூன்று பேரிடம். எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போதுதான் பெட்டி திறக்கும், எல்லோர் கண் முன்னால்தான் எண்ணுவார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் அந்தக் கணக்கு புரியும். எங்கள் கணக்கில் மூன்று பேர் கையெழுத்து இல்லாமல் ஒரு காசு வெளியே வராது. அதில் ஒருவர் என்னைக் கண்டாலே ஆகாத ஆள். வேண்டுமென்றேதான் அவரைப் போட்டோம். என் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும் அந்த மனிதர் கூட இதுவரை 'வேட்டை' என்ற வார்த்தையைச் சொன்னதில்லை.

அதுதான் உறுத்துகிறது. சொன்னது வேறு யாராவது என்றால் ஒரு சிரிப்புக் குறி போட்டுவிட்டுக் கடந்து போயிருப்பேன். பட்டறை யோசனையை முதலில் சொன்னவரே இந்த நண்பர்தான். "ஆளாளுக்குத் தனித்தனியா ரம்பம் வாங்கி வீட்டில் துருப்பிடிக்க விடுறதுக்கு ஒண்ணா வாங்கிப் போட்டா என்ன?" என்று என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வரும்போது அவர் கேட்ட கேள்வியில்தான் இது அத்தனையும் தொடங்கியது. பதினான்கு மாதமாக நானும் இன்னும் நான்கு பேரும் வேலை முடிந்து, சாப்பிடாமல் கொள்ளாமல், வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசினோம். சில வீடுகளில் நாயை அவிழ்த்து விடாத குறை. ஒரு நாள் கூட அவர் கூட வந்ததில்லை. போகட்டும், வேலை இருந்திருக்கும். பங்காவது போட்டாரா? "அடுத்த மாசம்" என்றார். எத்தனை அடுத்த மாசம் போய்விட்டது என்று நான் எண்ணவில்லை என்று சொன்னால் அது பொய்.

பங்கு போட்டவர் என்னைத் திருடன் என்று சொன்னாலும் நின்று பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன், கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டுவேன். பங்கு போடாதவருக்கு எதற்கு இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

முதல் பத்து ரசீதுகளை முதலில் பேசியவர்களுக்கென்று ஒதுக்கியிருந்தோம். ஒன்பது போய்விட்டது. எண் 7ஐ மட்டும் கிழிக்காமல், எழுதாமல், இத்தனை நாள் புத்தகத்திலேயே விட்டு வைத்திருந்தேன். தணிக்கை செய்கிறவர் இரண்டு முறை திட்டிவிட்டார். நேற்று மாலை தையல் வேலை செய்யும் ஒரு பெண் வந்து பங்கு போட்டார். அந்த ஏழாம் ரசீதை அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். எண்ணைப் பார்த்துவிட்டு, "அறுபது பேருக்கு அப்புறம் சேர்ற எனக்கு எப்படிண்ணே ஏழாம் நம்பர்?" என்று கேட்டார்.

நடுவில் ஒன்று விட்டுப்போயிருந்தது என்றேன்.