மாணவ மென்டார் கையில் பேனாவும் இருக்கக் கூடாது, மார்க்கும் இருக்கக் கூடாது

வகுப்பிலேயே உட்கார்ந்து சக மாணவர்களுக்கும் ஜூனியர்களுக்கும் பாடத்தில் உதவ மாணவ மென்டார்களை நியமிக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் நியமிக்கும்போது அவர்களிடம் சொல்வது பெரும்பாலும் "பொறுப்பா நடந்துக்கோங்க" என்ற ஒற்றை வரிதான். வகுப்புக்குள் நிற்கும்போது அந்தப் பொறுப்பு எப்படி இருக்கும் என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. விளைவு, நல்ல மனசுக்காரர்களே ஒன்று குட்டி வாத்தியாராக மாறிவிடுகிறார்கள், இல்லையென்றால் விடை எடுத்துக்கொடுக்கும் கூட்டாளியாகிவிடுகிறார்கள்.

1973-ல் அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் சிட்டி வளாகத்தில் டியானா மார்ட்டின் தொடங்கிய திட்டத்தைப் பாருங்கள். அந்தப் பாடத்தில் ஏற்கெனவே நன்றாகத் தேறிய மாணவர் மறுபடியும் அதே வகுப்புக்கு வந்து, மற்றவர்களைப் போலவே குறிப்பெடுப்பார். பிறகு தனி அமர்வில் எல்லாரையும் சேர்த்து உட்காரவைத்துப் படிக்கவைப்பார். இதில் கவனிக்க வேண்டியது, "படிப்பு வராதவர்கள்" என்று யாரையும் பொறுக்கி எடுக்கவில்லை, கடினமான பாடங்களைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் யார் வந்தாலும் தலைகுனிவு இல்லை. மென்டார் மார்க் போடுவதும் இல்லை. மார்க் போடுகிறவரிடம் "எனக்கு ஒண்ணுமே புரியல" என்று யாரும் மனம்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மென்டாரிடம் வருகைப் பதிவையும் தாள் திருத்துவதையும் தள்ளிவிடுவது ஆசிரியருக்கு வேலைச்சுமையைக் குறைக்கலாம். ஆனால் மென்டார் எதற்காக அங்கே இருக்கிறாரோ, அது அன்றோடு போய்விடும்.

இனி வகுப்புக்குள். நீங்கள்தான் மென்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவர் நோட்டை நீட்டி "இது சரியா?" என்கிறார். சமன்பாட்டில் 5-ஐ மறுபக்கம் கொண்டுபோனபோது குறியை மாற்றாமல் விட்டிருக்கிறார். உங்கள் கை தானாகப் பேனாவைத் தேடும். வாங்காதீர்கள். நீங்கள் எழுதிக்கொடுத்த வரி அவருக்குப் புரிந்த மாதிரி இருக்கும், அடுத்த கணக்கில் அதே இடத்தில் அதே தவறு வரும். "இந்த வரியிலேர்ந்து அடுத்த வரிக்கு எப்படி வந்தே, சொல்லு பார்ப்போம்" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு நொடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை 3 நொடிக்கு மேல் நீட்டினால் மாணவர்களின் பதில் நீளமாகவும் யோசித்ததாகவும் வருகிறது என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே காட்டினார். மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். இன்னொன்று, சரியாகப் போட்ட வரிக்கும் அவ்வப்போது இதே கேள்வியைக் கேளுங்கள். தவறான வரிக்கு மட்டுமே கேட்டால், நீங்கள் வாயைத் திறந்ததுமே "ஐயோ தப்பு" என்று அழித்துவிட்டு அடுத்த ஊகத்துக்குப் போய்விடுவார்.

நின்றுகொண்டு குனிந்து பேசாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். ஒருவரிடம் மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் நின்றுவிட்டால் பின்வரிசை உங்களைக் கூப்பிடுவதையே விட்டுவிடும். சத்தமாகக் கூப்பிடுகிறவர்களுக்கே நேரம் போய்விடுவது இயல்பு. அதனால் ஒவ்வொரு வகுப்பிலும் வேறு மூலையிலிருந்து சுற்றத் தொடங்குங்கள். உங்கள் நண்பர் அதே வகுப்பில் இருந்தால் ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், நண்பர் பக்கத்தில் போய் உட்காராதீர்கள்.

ஆசிரியர் பலகையில் தவறு செய்தால்? பலருக்கும் தடுமாற்றம் வருவது இங்கேதான். அந்தத் தவறால் மீதிக் கணக்கே கோணலாகும் என்றால், மற்ற மாணவர்கள் கேட்பதுபோலவே கையைத் தூக்கி "சார், மூணாவது வரியில மைனஸ் வரணுமா?" என்று கேளுங்கள். கருத்திலேயே வேறுபாடு என்றால் வகுப்பு முடிந்ததும் தனியாகப் பேசுங்கள். திருத்தத்தை அவரே அடுத்த வகுப்பில் சொல்லட்டும். முந்திக்கொண்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால், அதற்குப் பிறகு ஆசிரியர் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் மாணவர்கள் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அதேபோல, "அந்த மேம் நடத்தினா ஒண்ணும் ஏறாது" என்று யாராவது சொன்னால் தலையைக்கூட ஆட்டாதீர்கள். "எந்த இடத்துல விட்டுப்போச்சு?" என்று பாடத்துக்குத் திருப்புங்கள்.

போன் விஷயத்தில் முதல் நாளே நேரம் சொல்லிவிடுங்கள், இத்தனை மணிக்குப் பிறகு பதில் வராது என்று. தனியாக வரும் பாடச் சந்தேகத்துக்கு, கேட்டவர் பெயரைச் சொல்லாமல் குரூப்பில் பதில் போடுங்கள். உங்கள் பழைய அசைன்மென்ட்டை யாருக்கும் அனுப்பாதீர்கள், "சும்மா மாதிரிக்கு" என்று கேட்டாலும். காப்பி பிடிபட்டால் வாங்கியவரோடு கொடுத்தவரும் மாட்டுவார்.

எல்லாவற்றையும்விடக் கனமானது ஒன்று உண்டு. "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று ஒருவர் ஆரம்பித்தால், உடனே சத்தியம் செய்துகொடுத்துவிடாதீர்கள். கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள்: "உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னா நான் பெரியவங்ககிட்ட சொல்லியே ஆகணும். மத்ததெல்லாம் என்னோட இருக்கும்." கேட்ட பிறகு இதைச் சொன்னால் துரோகம் மாதிரி ஆகிவிடும். தன்னையே மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் அவரைத் தனியே விட்டுவிட்டு வராதீர்கள். போன் நம்பரை மட்டும் கொடுத்து அனுப்பாமல், ஆலோசகரிடமோ பொறுப்பாசிரியரிடமோ அப்போதே கூடவே நடந்து போங்கள். உங்கள் பதிவேட்டில் தேதி, நேரம், எந்தப் பாடம் என்பது மட்டும் இருக்கட்டும். மாணவரின் சொந்த விஷயங்களை அதில் எழுத வேண்டாம், அந்த நோட்டு யார் கைக்கும் போகலாம்.

மென்டார்களை நியமிக்கும் ஆசிரியர்களுக்கு: அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, அவர் இல்லாவிட்டால் அடுத்தது யார் என்று இரண்டு பெயர், இரண்டு எண்ணை முதல் நாளே எழுதிக் கொடுங்கள். 19 வயதுப் பிள்ளை அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.