பாறுக்கழுகு பிழைக்க வேண்டுமானால் மாட்டுக் கொட்டகைக்குப் போய்ப் பேசுங்கள்

செப்டம்பர் முதல் சனிக்கிழமை உலகப் பாறுக்கழுகு விழிப்புணர்வு நாள். அன்று பள்ளிகளில் ஓவியப் போட்டி நடக்கும், உறுதிமொழி எடுப்பார்கள், கழுகு முகமூடி போட்ட பிள்ளைகளின் படங்கள் சமூக ஊடகங்களில் வந்து நிறையும். நடக்கட்டும், நல்லதுதான். ஆனால் இந்தப் பறவையைச் சாகடித்தது மாட்டுக்குப் போட்ட வலி ஊசி. அதை விற்கிறவர், போடுகிறவர், போடச் சொல்கிற மாட்டுக்காரர், இந்த மூன்று பேரும் இல்லாத கூட்டத்தில் என்ன பேசினாலும் பாறு பிழைக்காது.

நடந்தது என்ன என்பதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், பலருக்கு இன்னும் தெரியவில்லை. 1990களில் இந்தியா முழுக்கப் பாறுகள் செத்து விழ ஆரம்பித்தன. முதலில் ஏதோ தொற்றுநோய் என்றுதான் சந்தேகப்பட்டார்கள். 2004ல்தான், பாகிஸ்தானில் நடந்த ஆய்வில், டைக்ளோஃபெனாக் என்று பிடிபட்டது. காய்ச்சல், மடிவீக்கம், கால் நொண்டல் என்று எதற்கெடுத்தாலும் மாட்டுக்குப் போட்ட மருந்து. ஊசி போட்ட சில நாளில் மாடு இறந்தால் மருந்து உடம்பிலேயே தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் வெள்ளையாகப் படிந்து, சில நாளில் உயிர் போய்விடும். நூறு பிணத்தில் ஒன்றுக்கும் குறைவானதில் இந்த மருந்து இருந்தாலே போதும், இனமே சரிந்துவிடும் என்று கணக்கிட்டுச் சொன்னார்கள். கூட்டமாக வந்து தின்னும் பறவை, ஒரே மாட்டில் ஐம்பது பாறு சாகும். வருடத்துக்கு ஒரு முட்டைதான் இடும், அந்தக் குஞ்சு தான் இனப்பெருக்கம் செய்ய நாலைந்து வருடம் ஆகும். வெண்முதுகுப் பாறு நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு போய்விட்டது.

திருக்கழுக்குன்றம் மலையில் உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் வந்து குருக்கள் கையால் சோறு உண்டு போனதைப் பார்த்தவர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களிலேயே இருப்பார்கள். அவை மஞ்சள்முகப் பாறுகள். 1990களின் கடைசியில் வருவது நின்றே போனது. சடாயுவைத் திருப்புட்குழியிலும் வைத்தீசுவரன் கோயிலிலும் கும்பிடுகிற நாம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

தென்னிந்தியாவில் பாறுகளுக்கு மிச்சமிருக்கிற பெரிய புகலிடம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. முதுமலை, சத்தியமங்கலம், அந்தப் பக்கம் பந்திப்பூர், வயநாடு. ஆற்றோரத்து நீர்மருத மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுகிறது. தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் மூன்றும் சேர்ந்து எடுக்கும் கணக்கெடுப்பில் அண்மையில் வந்தது முந்நூறு சொச்சம்தான். அதிலும் செந்தலைப் பாறு மிகச் சொற்பம்.

இந்த மிச்சத்துக்குப் பின்னால் சிலரின் உழைப்பு இருக்கிறது. கோவையைச் சேர்ந்த அருளகம் அமைப்பு, சு. பாரதிதாசனும் அவரோடு இருப்பவர்களும், பல ஆண்டுகளாகப் பாறுகளைக் காக்கும் வேலையைத்தான் செய்துவருகிறார்கள். அவர்களை நான் மதிப்பதற்குக் காரணம், பறவை ஆர்வலர்களோடு நின்றுவிடாமல் மாடு வளர்ப்பவர், கால்நடை மருத்துவர், மருந்துக் கடைக்காரர் என்று தேடிப் போனது. மாட்டுக்கான டைக்ளோஃபெனாக்கை அரசு 2006லேயே தடை செய்துவிட்டது. ஆனால் மனிதருக்கென்று வந்த 30 மில்லி குப்பியை வாங்கி மாட்டுக்குக் குத்தினார்கள். 2015ல் மனிதருக்கான ஊசியும் 3 மில்லி குப்பியில்தான் வரவேண்டும் என்று ஆனது. ஒரு மாட்டுக்குப் பல குப்பி உடைக்க வேண்டும் என்றால் கட்டுபடியாகாது, அவ்வளவு எளிய யோசனை. மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டும் 2017ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை உறுதி செய்தது. பாறுக்கு ஆபத்தான வேறு இரண்டு வலி மருந்துகள், கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக், 2023ல் கால்நடைக்குத் தடையாயின.

சட்டம் இருக்கிறது, சரி. கடைசி முடிவு நடப்பதோ இரவு ஏழு மணிக்கு, மாடு எழுந்து நிற்காமல் கிடக்கும் கொட்டகையில். பால் ஊற்றித்தான் வட்டி கட்டுகிற வீடு. அவர்களிடம் போய்ப் பாறு அழிகிறது என்று சொன்னால் என்ன நினைப்பார்கள்? மெலாக்சிகம் ஊசியிலும் வலி குறையும், மாடு எழும், பாறுக்கும் ஆபத்தில்லை என்று, அதே ஊர் மருத்துவர் வாயால் சொல்ல வேண்டும். அந்த மருந்து பக்கத்துக் கடையில் இருக்கவும் வேண்டும். இயற்கைக் கல்வி மையம் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். எத்தனை மாணவர் வந்து போனார்கள் என்ற கணக்கோடு, சுற்றுவட்டாரத்தில் எத்தனை மருந்துக் கடையில் மெலாக்சிகம் கிடைக்கிறது என்ற கணக்கையும் சுவரில் எழுதி வையுங்கள்.

இன்னொன்று, எல்லோரும் பேசத் தயங்குவது. புலி அடித்த மாட்டின் மேல் கோபத்தில் பூச்சிமருந்து தெளித்து வைப்பது. புலிக்கு வைத்த நஞ்சில் பாறுக்கூட்டமே சாகும். வைத்தவரைக் கைது செய்வதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது தவறு. மாடு போன வீட்டுக்கு இழப்பீடு வர மாதக்கணக்கில் ஆனால், எந்தத் துண்டறிக்கையும் அந்தக் கோபத்தை ஆற்றாது. ஒரு வாரத்தில் பணம் கைக்கு வரட்டும், அதன்பின் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பறவையைப் பற்றிப் பேசுங்கள், கேட்பார்கள்.

பாறு குறைந்த ஊர்களில் கால்நடைப் பிணம் அழுகிக் கிடந்து, நாய் பெருகி, தண்ணீர் கெட்டு, ஐந்தே ஆண்டில் சுமார் ஐந்து லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போனதாகப் பொருளியல் ஆய்வாளர்கள் 2024ல் கணக்குக் காட்டினார்கள். மாட்டுக்காரருக்கு இதையும் சொல்லலாம், அவர் வீட்டுப் பிள்ளையைப் பற்றிய செய்தி அது.

மசினகுடி, தெங்குமரகடா, தாளவாடி பக்கம் உறவினர் இருந்தால் இந்த இரண்டு விஷயத்தை மட்டும் போனில் சொல்லிவிடுங்கள். மாட்டுக்கு வலி ஊசி என்றால் மெலாக்சிகம் கேட்கச் சொல்லுங்கள். வேறு ஊசி போட்டு மூன்று நாளுக்குள் மாடு இறந்துவிட்டால் வெளியில் வீசாமல் ஆழக் குழி தோண்டிப் புதைக்கச் சொல்லுங்கள்.