ஹிப் ஹிப் ஹுர்ரேவையாவது விட்டு வைங்கப்பா

குடும்ப குரூப்ல யாருக்காவது பிறந்தநாள்னா போதும், சித்தப்பா அந்த ஃபார்வர்ட தூக்கிட்டு வந்துடறார். "ஹிப் ஹிப் ஹுர்ரே சொல்லாதீங்க, அர்த்தம் தெரியுமா?"ன்னு ஆரம்பிச்சு, 'ஹியரோசோலிமா எஸ்ட் பெர்டிடா', அதாவது 'ஜெருசலேம் வீழ்ந்தது'ங்கற லத்தீன் வாக்கியத்தோட முதலெழுத்துகள்தான் ஹிப்பாம், சிலுவைப் போர்க்காரங்க இதைக் கத்திக்கிட்டேதான் யூதர்கள வெட்டினாங்களாம், ஹுர்ரேன்னா ஸ்லாவிய மொழில 'சொர்க்கத்துக்கு'ன்னு அர்த்தமாம். கீழ வரிசையா கும்பிடு, "அரிய தகவல் ஐயா".

அட, எழுத்தையாவது கூட்டிப் பாத்தீங்களா? எச், இ, பி தானே வருது, நடுவுல ஐ எங்கேர்ந்து வந்து குந்துச்சு? முதல் சிலுவைப் போர்ல 1099ல ஜெருசலேம அவங்க ஜெயிச்சுப் பிடிச்சாங்க, பிடிக்கப் போறவன் 'போச்சு போச்சு'ன்னா கத்திட்டுப் போவான்? முதலெழுத்தச் சேத்து வார்த்தை செய்யற பழக்கமே ரேடார், லேசர் மாதிரி 20ஆம் நூற்றாண்டுலதான் சூடு பிடிச்சது.

இதுல கடுப்பு என்னன்னா, 'ஹெப் ஹெப்'னு கத்திட்டு யூதர்கள அடிச்சது நெஜமாவே நடந்திருக்கு. 1819 ஆகஸ்ட்ல, ஜெர்மனில வூர்ட்ஸ்பர்க்ல. அந்த ஊர் இருந்த பவேரியா ராஜ்யத்தோட சட்டசபைல யூதர்களுக்குச் சம உரிமை குடுக்கலாமான்னு பேச்சு ஓடிட்டிருந்த நேரம், கும்பல் கடைகள ஒடச்சு ஆளுங்கள ஊர விட்டே தொரத்திடுச்சு, அப்புறம் ஃப்ராங்க்ஃபர்ட், ஹாம்பர்க்னு பரவுச்சு. அந்த 'ஹெப்' ஆடு ஓட்டற சத்தம்னும் சொல்றாங்க. லத்தீன் வெளக்கம் அதுக்குப் பின்னாடி ஒட்ட வச்ச கதை. ஜனங்க அடிபட்டது இவங்களுக்குப் பொருட்டே இல்ல, கேக் வெட்டறப்ப சொல்ல ஒரு 'சுவாரசியத் தகவல்' கெடச்சா சரி!

ஹுர்ரேக்கும் சொர்க்கத்துக்கும் ஒரு சம்பந்தமும் கெடயாது. 17ஆம் நூற்றாண்டுலேர்ந்தே ஆங்கிலத்துல இருக்கற 'ஹுர்ரா'தான் அது, அதுக்கும் முன்னாடி 'ஹஸ்ஸா'ன்னு ஒண்ணு, கப்பக்காரங்க போடற ஆரவாரம்னு அந்தக் காலத்து ஆளுங்களே எழுதி வச்சிருக்காங்க. சந்தோஷத்துல வாய் தன்னால கத்தற சத்தம், அதுக்கு எதுக்குய்யா விரிவாக்கம்?

இதையெல்லாம் குரூப்ல போட்டா "நல்லதத்தானே ஷேர் பண்ணேன், உனக்கு எல்லாத்துலயும் குத்தம்"ங்கறார். நியூஸ்னா நார்த் ஈஸ்ட் வெஸ்ட் சவுத்னு போன வாரம் அனுப்பினதும் இவர்தான், அது நியூவோட பன்மைன்னு டிக்‌ஷனரி லிங்க் போட்டேன். ஒருத்தர் தொறக்கல. அடுத்த நிமிஷம் கோல்ஃபுக்கு விரிவாக்கம் வருது.