தடிமனை வைத்து ஃபில்டரின் தரம் தெரியாது

"மெம்பிரேன் (மெல்லிய படல) ஏர் ஃபில்டரை வெர்னியரில் அளந்து பாருங்கள், 0.1 மி.மீ.க்குக் குறைந்தால் போலி" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு. இதை நம்பி நல்ல ஃபில்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

காற்றில் பிஎம் 2.5 துகள்களை (2.5 மைக்ரானும் அதற்குக் குறைவான அளவும் கொண்ட நுண்துகள்களை) அளக்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை விதித்திருக்கும் டெஃப்லான் ஃபில்டரையே எடுத்துக்கொள்வோம். 46.2 மி.மீ. விட்டம். தடிமன் வெறும் 30 முதல் 50 மைக்ரான், அதாவது 0.03 முதல் 0.05 மி.மீ. அந்தத் தகவல்படி பார்த்தால் இதுவும் போலிதான்! ஆனால் 0.3 மைக்ரான் துகள்களில் 99.7 சதவீதத்துக்கு மேல் இது பிடித்தாக வேண்டும் என்பது விதி. துளை அளவோ 2 மைக்ரான். சல்லடை மாதிரி இது வேலை செய்வதில்லை. நுண்துகள்கள் அங்குமிங்கும் அலைந்து இழைகளில் மோதி ஒட்டிக்கொள்கின்றன.

அப்புறம், அளக்கும் கருவி. சாதாரண வெர்னியரின் மீச்சிற்றளவு, அதாவது அது காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.02 மி.மீ. 0.04 மி.மீ. படலத்தில் ஒரு கோடு பிசகினாலே பாதி போச்சு. ஸ்க்ரூகேஜில் திருகை இறுக்கினால் மென்மையான படலம் நசுங்கி, அளவு குறைவாகக் காட்டும். ஓரத்து வளையத்தில் வைத்தால் 0.38 மி.மீ. வரும், அது தாங்கு வளையம், படலம் அல்ல. தட்டையான பாதம் கொண்ட, மிகக் குறைந்த, மாறாத அழுத்தம் தரும் டயல் கேஜில்தான் அளக்க வேண்டும்.

வாங்கும்போது தடிமனை விட்டுவிட்டு, சோதனைச் சான்றிதழில் துகள் பிடிக்கும் திறனையும் அழுத்த இழப்பையும் (ஃபில்டரைக் கடக்கும்போது காற்றின் அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்பதையும்) பாருங்கள்.